தெய்வநாயகி ஏறி இறங்கிய கடைகள்

மாணிக்கவேல் ஆரணியிலிருந்து பட்டுப்புடவைகளைப் பையில் அடுக்கிக்கொண்டு வேலூர், சித்தூர், கோலார், பெங்களூர் என்று சுற்றி விற்றுவருகிறவர். தறி முதலாளி ஹேமநாத் கொடுக்கிற சரக்கை ஜவுளிக்கடைகளில் காட்டுவார், கல்யாண வீடுகளுக்கும் நேரே போவார். முந்தியை விரித்து ஒரு உதறு உதறினால், வாங்கவே கூடாது என்று உட்கார்ந்திருக்கும் பெண்களும் கையை நீட்டித் தொட்டுப்பார்ப்பார்கள்.

வியாபாரம் முடிந்ததும் அவர் தேடிப்போவது அந்த ஊரின் ஒயின்ஷாப்பை. அந்தக் காலத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்கிற ஆள் இல்லை. இந்த ஊரில் புதிதாக என்ன கிடைக்கும், எங்கே காய்ச்சுகிறார்கள், எந்தப் பழத்தில் போடுகிறார்கள் என்று விசாரித்து விசாரித்து ருசி பார்ப்பார். போர்டில் ஒயின்ஸ் என்று எழுதிவைத்திருக்கிறான், உள்ளே போய் ஒயின் கேட்டால் சிரிக்கிறான் என்பது நம் பக்கத்துக் கடைகளைப் பற்றி அவருடைய பெரிய குறை.

ஊர் திரும்பியதும் அதையெல்லாம் மனைவி தெய்வநாயகியிடம் சொல்வார். அவள் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டே கேட்பாள். சித்தூரில் கடைக்கு எதிரே மாட்டாஸ்பத்திரி. கல்லாவில் உட்காருகிறவருக்கு ஒரு காது மந்தம். கோலாரில் பஸ் ஸ்டாண்டு பின்னால் இறங்கினால் கொய்யாப்பழத்தை மிளகாய்ப்பொடி போட்டுத் தருவான். திருப்பதிக்குப் போய்வந்தவர்கள் சொல்வதுபோல ஒன்றுவிடாமல் சொல்வார். குடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்காத நாளில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்தால் அவள் கை ராட்டையைத் தானாக மெதுவாகச் சுற்றும். வேறு எதைப் பற்றியும் அவர் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஒருமுறை அவளையும் மகள் தீபாவையும் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். லால்பாக் பார்த்த மறுநாள், நந்திமலை அடிவாரத்தில் தனக்குத் தெரிந்த ஒயின் ஃபேக்டரிக்கு அழைத்துப்போனார். சின்ன இடம்தான். திராட்சை லாரிகள் நின்றன. சிமெண்ட் தொட்டிகளிலிருந்து புளித்த கஞ்சி வாடை வந்தது. மேஸ்திரி வீரபாகு தர்மபுரிக்காரர், தீபாவின் கையில் ஒரு கொத்து திராட்சை கொடுத்தார். மாணிக்கவேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் வாங்கி, நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அந்த முகத்தைத் தெய்வநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள். பெண் பிறந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அதற்கப்புறம் வந்த வருஷங்களில் அவர் பேச்சு குறைந்தது. ஊர்க்கதை நின்றுபோனது. எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்ற விசாரிப்பெல்லாம் போய், எது முதலில் கைக்கு வருகிறதோ அது என்று ஆனது. காலையில் கை நடுங்கும். முந்தியை உதறும்போது புடவை நழுவி விழுகிறது என்று வேலூர் கடைக்காரர் ஒருவர் ஹேமநாத்துக்குப் போனில் சொன்னார். முகூர்த்த நாட்களில்கூட அவர் திரும்பிவருவது தள்ளித்தள்ளிப் போனது.

தொண்ணூற்றொன்பது தீபாவளிக்கு முன்னால் ஒரு பை புடவையோடு கிளம்பியவர், தீபாவளிக்கு வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கும் வரவில்லை. புடவையோடு ஓடிவிட்டான் என்று தெருவில் பேசினார்கள். ஹேமநாத் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு நூல் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர், குடிகாரன்தானே, போதை தெளிந்தால் வருவான் என்று அனுப்பிவிட்டார். பொங்கலும் போனது. தீபாவுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் எவளோ ஒருத்தி உன் அப்பன் செத்துப்போயிட்டானாமே என்று கேட்டாள் என்று வந்து, அழாமல், புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அன்றுதான் தெய்வநாயகி தேடிப்போவது என்று முடிவு செய்தாள். மகளைத் தம்பி ராஜ்குமார் வீட்டில் விட்டாள். தம்பி தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். அந்தக் கடைகளெல்லாம் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றாள் அவள். ஒருநாளும் போகாத கடைகள்.

துணைக்குக் கன்னியம்மா வந்தாள். சந்தவாசல் பக்கத்து ஊர்க்காரி. நடவு இல்லாத மாதங்களில் ஆரணிக்கு வந்து தறி வீடுகளில் நூல் சுற்றுகிறவள். அவள் புருஷன் குப்புராஜ் சாராயத்திலேயே போய்ச்சேர்ந்தவன். அவனைக் கடை கடையாகப் போய் இழுத்துவந்து பழகியதில், எந்தக் கடைவாசலும் அவளுக்குப் பயமில்லை.

வேலூரில் முதல் கடை. கம்பி வலைக்குப் பின்னால் பாட்டில்கள், பக்கத்தில் கல்நார் கூரை போட்ட பார். அழுகிய எலுமிச்சையும் மூத்திரமும் கலந்த வாடை தெருவரை வந்தது. தெய்வநாயகி உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை நிழலில் ஒதுங்கி நின்றுகொண்டாள். கன்னியம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். யாரோ ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கன்னியம்மா பதிலுக்குத் திட்டுவதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள்.

“பட்டுப்புடவைக்காரருன்னா எல்லாருக்கும் தெரியுதும்மா. ஆயுத பூஜைக்கி அப்பறமா வரலியாம். சித்தூருக்குத்தான் போயிருப்பாருன்றாங்க.”

சித்தூரில் மாட்டாஸ்பத்திரிக்கு எதிரே கடை அப்படியே இருந்தது. தெய்வநாயகிக்கு அந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்துபோன மாதிரி இருந்தது. அதனாலோ என்னவோ இந்த முறை அவளும் கன்னியம்மாவோடு படியேறினாள். பகல் என்பதால் கூட்டமில்லை. கல்லாவில் இருந்தவர் காதில் கையைக் குவித்துக் கேட்டார். மாணிக்கவேல் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

“பாவம்மா அவுரு. பொண்டாட்டி போனதுலருந்து மனுசன் மனுசனா இல்ல. பிரசவத்துல போயிட்டாங்களாமே, புள்ளையும் சேந்து. அதச் சொல்லிச் சொல்லி அழுவாரு. நாங்களும் கேட்டு அழுவோம். நீங்க அவுருக்கு அக்காவா?”

கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெய்வநாயகி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஆமாங்க. அக்கா.”

அவர் சோடா உடைத்துக் கொடுத்தார். குடித்தாள். தம்பியை வீட்டுக்கு அழைத்துப்போய் வேறொரு கல்யாணம் செய்துவைக்கும்படி புத்தி சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டாள். மாணிக்கவேல் கோலார் பக்கம் போவதாகச் சொல்லிப்போனார் என்று தெரிந்தது. வெளியே வந்து கோலார் பஸ்ஸைப் பிடித்தார்கள். பஸ் பலமநேருக்கு முன்னால் மலையேறும்போது, நெற்றிப்பொட்டைத் தொட்டுப்பார்த்துக்கொண்டு, ‘நான் செத்துட்டேன்னு சொல்லித்தான் அத்தன நாளா ஓசியில குடிச்சாரா’ என்று கேட்டாள் தெய்வநாயகி. கன்னியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோலாரிலும் அதே கதைதான் சொல்லியிருந்தார். அங்கே அவள் மஞ்சள்காமாலையில் செத்திருந்தாள். முளுபாகலில் கிணற்றில் விழுந்து. ஒவ்வொரு கடையிலும் அவள் எப்படிச் செத்தாள் என்பதை முழுக்கக் கேட்ட பிறகுதான் அடுத்து எங்கே போனார் என்ற தகவல் கிடைத்தது. இரண்டாவது நாளிலிருந்து யார் கேட்டாலும் தயங்காமல் அக்கா என்றாள். கோலாரில் கடைப்பையன்கள் புடவைப்பையைப் பற்றியும் சொன்னார்கள். வந்த விலைக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, கடைசிப் புடவையைக் கடை வராந்தாவில் விரித்துப் படுத்திருக்கிறார். குளிர்காலம். அரக்கு நிறத்தில் அன்னம் போட்ட புடவை என்றார்கள். அது அவள் நூல் சுற்றிய புடவை.

ஊர் பெயர் சொல்லாமல் திராட்சை ஃபேக்டரிக்குப் போகிறேன் என்று கிளம்பியதாக அவர்கள் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது விளங்கவில்லை. தெய்வநாயகிக்கு விளங்கியது.

நந்திமலை அடிவாரத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வீரபாகுவுக்கு முடி நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அங்கேயும் அவள் செத்திருந்தாள்.

மாணிக்கவேல் பின்புறம் கொட்டகையில் பழைய பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் உப்பி, கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் சாக்கைச் சுற்றிக்கட்டியிருந்தார். கை மணிக்கட்டு வரை நாவல்பழ நிறம். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் தொட்டியில் வைத்தார்.

“தீபா வந்துகீறாளா?”

“வரல.”

“நல்லவேள.”

தெய்வநாயகி தொட்டி ஓரமாக உட்கார்ந்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பேச்சில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எதுக்கு நான் செத்துட்டேன்னு சொன்னீங்க?”

அவர் கழுவிய பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துவைத்தார். “எல்லாரும் கேட்டாங்க, ஏன் வூட்டுக்குப் போவலன்னு. உசுரோட ஒருத்தி காத்துகினு இருக்கறான்னு சொல்லிட்டு அங்க எப்பிடிம்மா உக்காந்து குடிக்கறது?”

அவருக்கு ஊருக்கு வர இஷ்டமில்லை. இங்கேயே இருந்துவிடுகிறேன், நான் சொன்ன மாதிரியே நீயும் நான் செத்துப்போனதாக ஊரில் சொல்லிவிடு என்றார். அப்படிச் சொல்ல என்னால் முடியாது என்றாள் தெய்வநாயகி. வீரபாகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அழைத்துப்போவது நல்லதுதான், ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார். போன வருஷம் ஒரு ஆளை அவன் அண்ணன் அப்படித்தான் அழைத்துப்போனான், ரயிலிலேயே வலிப்பு வந்து போய்விட்டான். ஆஸ்பத்திரி போய்ச்சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். சொல்லிவிட்டு ஒரு பாட்டில் பிராந்தியைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

அப்படித்தான் தெய்வநாயகி புருஷனை ஊருக்குக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், நடுவில் அவள், இந்தப் பக்கம் கன்னியம்மா. கை நடுக்கம் உடம்புக்கு ஏறும்போதெல்லாம் முந்தானை மறைவில் மூடியில் ஊற்றி அவர் வாயில் வைத்தாள். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவதுபோலத் தாடையைப் பிடித்துக்கொண்டு புகட்டினாள். முன் சீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். எந்தச் சனியனிலிருந்து மீட்க இத்தனை ஊர் அலைந்தாளோ அதையே தன் கையால் ஊட்டிக்கொண்டு வந்தாள்.

சித்தூர் வருவதற்குள் பாட்டில் தீர்ந்துவிட்டது. அவருக்குப் பல் கிட்ட ஆரம்பித்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு இன்னும் தூரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் கன்னியம்மாவை அவரோடு உட்காரவைத்துவிட்டு, தெய்வநாயகி ஓடிப்போய் மாட்டாஸ்பத்திரிக்கு எதிரே படியேறினாள். சாயங்காலக் கூட்டம். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். குவார்ட்டர் என்று கேட்கத் தெரியாமல், பாட்டிலைக் காட்டி இதில் சின்னது கொடுங்கள் என்றாள். காது மந்தக்காரர் அவள் முகத்தையே பார்த்தார். தாலிக்கயிறு முந்தானைக்கு வெளியே வந்து கிடந்தது. இவள் அக்கா இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

வேலூரில் மூன்று வாரம் படுத்திருந்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டு பட்டாலும் ஆபத்து என்றார் டாக்டர். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தார். சில மாதம் சுத்தமாக இருப்பார். பிறகு ஒருநாள் காணாமல் போவார், கடைவாசலில் கிடப்பார். கன்னியம்மாவும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுவருவார்கள். தீபா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் தெய்வநாயகி ராட்டை முன்னால் உட்கார்ந்து, கோலாரில் அந்தக் கறுப்பு திராட்சை ஒயின் எப்படி இருக்கும் என்று சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். பேச்சை எப்படியாவது துவக்க வேண்டும் என்றுதான் கேட்டாள். அவர் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டாயிரத்து இரண்டு ஆடி மாதம், ரத்த வாந்தி எடுத்து, ஆட்டோ வருவதற்குள் முடிந்துபோனது.

கருமாதி முடிந்ததும் ஹேமநாத்திடம் போய்ச் சரக்கு கேட்டாள். பொம்பளை எப்படி ஊர் ஊராகப் போவாய் என்று அவர் யோசித்தார். வழி தெரியும் என்றாள். கொடுத்தார். போன ஊர்களில் ஜவுளிக்கடைக்காரர்கள் அவளை உட்காரச் சொல்லாமல் பேசினார்கள். மாணிக்கவேலைத் தேடிவந்தவள் என்று தெரிந்த ஒயின்ஷாப்புக்காரர்கள் வீட்டுக்கு அழைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் முதலில் அவளிடம் புடவை வாங்கியவர்கள். அதில் அவளுக்கு அருவருப்பு இருந்தது. விட முடியாத நிலைமையும் இருந்தது. தீபா பத்தாவது, பன்னிரண்டாவது என்று படித்தது அந்தப் புடவைகளில்தான்.

இரண்டாயிரத்து மூன்று கடைசியில் தமிழ்நாட்டுக் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே கட்டடம், அதே கம்பி வலை, வேறு போர்டு. பழைய கல்லாக்காரர்கள் போய்விட்டார்கள். ஆந்திரா, கர்நாடகா பக்கம் மட்டும் அவளுக்குத் தெரிந்த முகங்கள் மிச்சமிருந்தன. அதற்குள் அவளைப் பற்றிப் பேச்சு பரவியிருந்தது. தேசூர், போளூர் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்தார்கள். வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை, போகிற ஊர்களில் கொஞ்சம் விசாரியுங்களேன் என்று போட்டோவைக் கொடுத்தார்கள். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு புடவைகளுக்கு நடுவில் போட்டோவும் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். பலமநேரில் ஒருவன் கிடைத்தான், வந்தான். கோலாரில் கிடைத்த இன்னொருவன் அவள் முகத்தில் காறித் துப்பினான். பெரும்பாலும் ஒன்றும் தெரியாமல்தான் திரும்பிவந்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் கலசப்பாக்கத்திலிருந்து கலையரசி வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் புருஷன் அன்புச்செல்வன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், போன் வருவது நின்றுவிட்டது. போட்டோவை மட்டும் கொடுத்தால் போதும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கூடவே வந்தாள். கன்னியம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி, வர முடியவில்லை.

ஹொஸ்கோட்டையில் மூன்றாவது கடையில் ஒரு சப்ளையர் போட்டோவைப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி தெய்வநாயகியை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னார். கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் போன மாதம் ஒருவன் இறந்துகிடந்தான். பெயர், ஊர் ஒன்றும் தெரியவில்லை. போலீஸ் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் போட்டோ இருக்கும்.

கலையரசியை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்க்கலாமா என்று தெய்வநாயகி யோசித்தாள். பிறகு அவளையும் அழைத்துக்கொண்டுதான் போனாள். ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த படங்களில் ஒன்றின் முன்னால் கலையரசி நின்றுவிட்டாள். சட்டையைத்தான் முதலில் அடையாளம் கண்டாள். விரலால் அந்தப் படத்தின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள், கான்ஸ்டபிள் போதும் என்று சொல்லும்வரை.

திரும்பிவரும் பஸ்ஸில் தெய்வநாயகி பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்தாள். டீ ஆறிப்போனது. வேலூர் தாண்டியதும் கலையரசி கேட்டாள்.

“உங்க வூட்டுக்காரரு உசுரோட கெடைச்சாராமேக்கா. அதுவாவது உங்களுக்கு ஒரு ஆறுதல்தான?”

தெய்வநாயகி ஆறிய டீயை ஜன்னல் வழியே ஊற்றினாள். பொய் சொல்லலாமா என்றிருந்தது அவளுக்கு.

“கெடைச்சாருடி. ரெண்டு வருஷம் வெச்சிகினு இருந்தன். கூட்டியாராம அங்கியே வுட்டிருக்கலாமோன்னு இன்னிக்கும் நெனைக்கறன். வுட்டிருந்தா, கூட்டியாந்திருக்கலாமேன்னு நெனைச்சிகினு இருந்திருப்பன்.”

கலையரசி அவள் தோளில் சாய்ந்தாள். போளூர் வந்தது, போனது. கலசப்பாக்கத்தில் பஸ் நிற்கும்போது கலையரசியின் மாமியார் பாஞ்சாலை ஸ்டாப்பிலேயே காத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு மேலே கையை வைத்து, இறங்குகிற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலையரசி சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா, நீங்க போய்ச் சொல்லுங்க என்றாள். கண்டக்டர் ஜல்தி, ஜல்தி என்று விசிலைக் கையில் பிடித்தார். ஒரு நிமிஷம் பொறுங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு, தெய்வநாயகி புடவைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.